முதுகு வலின்னு லீவ் லெட்டர்!

கழுத்து வலின்னா பட்டையைப் போட்டுக்கிட்டு ஆபீஸ்ல கௌரவமா உலா வரலாம். முதுகு வலின்னா ஆளாளுக்கு ஒரு தைலம் நீட்டுவாங்க. தொடையும் அடிவயிறும் சேருற இடுக்குல வலின்னா..? யார்கிட்டே சார் சொல்றது!

எனக்கு வந்தது கிரிக்கெட்டால. பத்து வருஷம் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச். பந்தைத் தடுக்கிறேன் பேர்வழின்னு இடது காலை அகலமா நீட்டினேன். உள்தொடையில 'சுரீர்'! பந்து என்னவோ பவுண்டரிக்குத்தான் போச்சு.

மறுநாள் நான் மாடிப்படி ஏறின அழகைப் பார்த்துட்டு, "என்ன சார், குதிரையேற்றம் கத்துக்கறீங்களா?"ன்னார் பக்கத்து சீட்காரர். 'முதுகு வலி'ன்னு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். "நெறி கட்டியிருக்கும்டா"ன்னாங்க அம்மா. நண்பன் ஒருத்தன் ஃபோம் ரோலரோட வந்தான். பார்க்க அம்மிக் குழவிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. "வலிக்கிற இடத்துல வெச்சு நல்லா உருட்டுடா!"

அன்னிக்கு ராத்திரியே உருட்டினேன். விடியறப்போ வலி ரெண்டு மடங்கு!

பிசியோதெரபிஸ்ட்கிட்டே ஓடினேன். (ஆண்தானான்னு போன்ல விசாரிச்சுட்டுத்தான்!) அவர் ரோலரைப் பத்திப் பேசவே இல்லை. "இருமுங்க... அங்கே புடைக்குதா?"ன்னார். புடைச்சா ஹெர்னியாவா இருக்கலாமாம். "விதையில வலி, வீக்கம்?" எனக்கு முகமெல்லாம் வேர்த்தது. "வெட்கப்படாதீங்க சார். திடீர்னு அங்கே வலிச்சா விதை முறுக்கிக்கிட்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணினாத்தான் காப்பாத்த நல்ல வாய்ப்பு. விடியட்டும்னு படுத்துக்கிட்டு இழந்தவங்க இருக்காங்க."

நல்லவேளை, எனக்குத் தசைப்பிடிப்புதான். காலை உள்பக்கமா இழுக்க அஞ்சு தசைகள் இருக்காம். அதுல 'அடக்டர் லாங்கஸ்'னு ஒண்ணுதான் அடிக்கடி மாட்டிக்கும். புதுசா கிழிஞ்ச இழை மேல உருட்டினா காயம் இன்னும் மோசமாகும். முதல் ரெண்டு மூணு நாள் ஓய்வு, துணியில சுத்தின ஐஸ் 15 நிமிஷம்... அவ்வளவுதான்.

வலி மட்டுப்பட்ட பிறகு ரோலர். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிக்கணும். வலிக்கிற காலை மடக்கி, சுவத்துப் பல்லி மாதிரி பக்கவாட்டில விரிச்சு, உள்தொடைக்கு அடியில ரோலரை உடம்புக்கு இணையா வைக்கணும். முழங்காலுக்கு நாலு விரல் மேலேர்ந்து தொடையின் பாதிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும், மெதுவா, மூச்சை அடக்காம 30 செகண்ட். நிறுத்தி, இன்னொரு தடவை. சுருக்குன்னா உடனே விட்டுடணும். இடுக்குக்கு மட்டும் போகவே கூடாது. காலுக்குப் போற பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் அங்கேதான் மேலாக ஓடுது. முதல் ராத்திரி நான் உருட்டின இடம்? சாட்சாத் அதேதான்!

ரோலர் இறுக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்குத் தளர்த்தும், அவ்வளவே. தெம்பு வரணும்னா மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, நடுவுல தலையணை வெச்சு அஞ்சு செகண்ட் அமுக்கணும். பத்துத் தடவை. எனக்குச் சரியாக ஆறு வாரம் ஆச்சு. ஒரு தலையணை காலி.

போன வாரம் பக்கத்து சீட்காரர் மெள்ள என் காதுகிட்டே வந்தார். "சார், அந்த உருளை ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா? லேசா... முதுகு வலி."

அவர் நின்ன தினுசைப் பார்த்தேன்.

"எங்கே, ஒருதடவை இருமுங்க சார்!"