மலையேறும் கோச்சியும் மலையைக் குடையும் இயந்திரமும்

போன வாரம் நமது கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு இளம் வியாபாரி என்னிடம் கேட்டார். "காக்கா, சுவிஸில மலைக்குக் கீழால 57 கிலோ மீற்றர் சுரங்கம் குடைஞ்சு கோச்சி விட்டிருக்காங்க. அதே மெஷினை இங்க கொண்டு வந்து நுவரெலியாப் பக்கம் ஒரு சுரங்கம் போட்டா, கரட்டும் லீக்ஸும் யாழ்ப்பாணத்துக்குப் பாதி விலையில வந்து சேருமே, ஏன் செய்றாங்க இல்ல?"

கேள்வி நியாயமானது. மரக்கறி வியாபாரத்தில் கொள்முதல் விலைக்கு அடுத்தபடியாக நம்மைக் கடிப்பது லொறிக் கூலிதான். ஆகவே இந்த வாரம் இதைப் பற்றியே எழுதுகிறேன். நான் பொறியியலாளன் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனால் இது அடிப்படையில் ஒரு வியாபாரக் கணக்கு. கணக்கென்றால் நமக்கும் விளங்கும்.

முதலில் ஏற்றம் என்றால் என்னவென்று பார்ப்போம். நாட்டாமைமார் தள்ளுவண்டியில் பத்து மூடை வெங்காயத்தை யாழ்ப்பாணத் தெருவில் சிரிப்பும் பேச்சுமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதே வண்டியைக் கடை வாசலில் போட்டிருக்கும் சாய்வுப் பலகையில் ஏற்றுவதற்கு மூன்று பேர் வேண்டும். மூடையின் நிறை கூடவில்லை. சமதரையில் நிறையைப் பூமி தாங்குகிறது, சாய்வில் அதில் ஒரு பங்கை நாம் தாங்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கோச்சிக்கும் இதே கதிதான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளுவதால் சமதரையில் ஒரு தொன் சாமானை இழுக்க ஏறக்குறைய 3 கிலோ விசை போதும். லொறியின் ரப்பர் டயருக்கு அதே ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 10 கிலோ வேண்டும். லொறியை விடக் கோச்சி மலிவு என்பதன் இரகசியம் இதுதான்.

இனி மலைக்கு வாருங்கள். நமது மலையகப் பாதையில் 44 அடி முன்னால் போனால் 1 அடி மேலே ஏறும் இடங்கள் உண்டு. இதைத்தான் 44க்கு 1 ஏற்றம் என்கிறார்கள். கண்ணுக்கு அது ஒரு ஏற்றமாகவே தெரியாது. ஆனால் 1,000 கிலோவை 44 ஆல் பிரித்துப் பாருங்கள், 22 கிலோவுக்கு மேல் வரும். அந்த விசை ஒவ்வொரு தொன்னுக்கும் மேலதிகமாக வேண்டும். ஆக 3 கிலோவில் ஓடிய வண்டிக்கு இப்போது 25, 26 கிலோ தேவை. எட்டு மடங்கு! அதே ஏற்றத்தில் லொறிக்கு 33 கிலோ வரும். சமதரையில் மூன்று மடங்குக்கு மேல் மலிவாக இருந்த கோச்சி, மலையில் லொறியை விட ஐந்தில் ஒரு பங்குதான் மலிவு. லாபம் முழுவதையும் ஏற்றம் தின்றுவிட்டது. இதற்கு மேல் மலைப்பாதையின் இறுக்கமான வளைவுகளில் சக்கரம் உராய்வதும் சேர்ந்தால் அதுவும் கரையும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்தால்தான் இழுக்க முடியும். உலர்ந்த தண்டவாளத்தில் எஞ்சினின் நிறையில் ஏறக்குறைய கால்வாசிதான் பிடிப்பாகக் கிடைக்கும். மழையில் அதுவும் குறையும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகத்தான் எஞ்சினில் மணல் வைத்திருந்து தண்டவாளத்தில் தூவுகிறார்கள்.

"காக்கா, கரட் மேலே இருந்து கீழேதானே வருது, இறங்குறதுக்கு என்ன செலவு?" என்றும் அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வெறும் பெட்டிகளை முதலில் மேலே ஏற்ற வேண்டும். அது ஒரு செலவு. இறங்கும்போது பாரம் முழுவதையும் பிரேக்கில் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். பிரேக் தாங்கும் அளவுக்குத்தான் பாரமும் வேகமும். எனவே இறக்கமும் இலவசமல்ல.

வெள்ளைக்காரன் இந்தக் கணக்கு தெரியாமலா பாதை போட்டான்? கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்கும் செலவும் தாமதமும் தாங்காமல்தான் 1867இல் கண்டிக்குப் பாதை வந்தது. பிறகு தேயிலைக் காலத்தில் 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. பட்டிப்பொலவுக்கு அப்பால் பாதை 6,200 அடிக்கு மேல் ஏறுகிறது. மலையை நேரே குடைய அன்று வசதியில்லை. ஆகவே மலையைச் சுற்றிச் சுற்றி ஏற்றினார்கள். தெமோதரவில் பாதை ஒரு வட்டம் அடித்து, புகையிரத நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தால் போகிறது. தூரத்தைக் கூட்டி ஏற்றத்தைக் குறைக்கும் உபாயம் அது. நீராவிக் காலத்தில் இரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளித்தான் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏற்றுவார்களாம். வெங்காய மூடைகளோடு பதுளை வரைக்கும் போய் வந்த என் வாப்பா இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது அந்த இராட்சத இயந்திரத்தைப் பார்ப்போம். அது ஒரு பெரிய இரும்புப் புழு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் வீட்டு உயரத்துக்கு ஒரு வட்டத் தட்டு. அதில் கடின உருக்கினாலான சில்லுகள் பல. தட்டு மெதுவாகச் சுற்ற, ஒவ்வொரு சில்லும் இருபது முப்பது தொன் அழுத்தத்தோடு பாறையில் உருளும். பாறை அரைபடுவதில்லை. சில்லுகளின் தடங்களுக்கு இடையே சீவல் சீவலாகப் பிளந்து விழுகிறது. அதைப் பட்டி மூலம் பின்னால் அனுப்புகிறார்கள். சில வகை இயந்திரங்கள் பக்கச் சுவரில் காலை ஊன்றி முன்னே தள்ளும். வேறு சில, குடைந்த இடத்திலேயே கொங்கிறீட் துண்டுகளை வளையமாக அடுக்கி, அந்த வளையத்தில் ஊன்றிக்கொண்டு நகரும்.

சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தைப் பெரும்பகுதி இப்படித்தான் குடைந்தார்கள். 1882இல் திறந்த பழைய பாதை 1,100 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. 2016 ஜூனில் திறந்த புதிய பாதை 550 மீற்றருக்குள் அடங்கிவிட்டது. ஏற்றம் போனதால் கூடுதல் பாரத்தைக் குறைந்த எஞ்சின்கள் இழுக்கின்றன. செலவு 1,200 கோடி பிராங்குக்கு மேல். இந்தியாவிலும் ரிஷிகேஷ் - கர்ணபிரயாக் பாதையில் 'சக்தி' என்ற 9.11 மீற்றர் விட்டமுள்ள இயந்திரம், 14.57 கிலோ மீற்றர் சுரங்கத்தின் துளையை 2025 ஏப்ரலில் வெற்றிகரமாக முடித்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இயந்திரம் நீண்ட நேர்ச் சுரங்கத்துக்குத்தான் கட்டும். நமது மலையகப் பாதையில் இருப்பவை நாற்பதுக்கு மேற்பட்ட சின்னச் சின்னச் சுரங்கங்கள். அவற்றுக்கு இதை வாங்குவது, ஒரு சறம் மூட்டுவதற்காகத் தையல் ஆலை வாங்குவது போல. நீண்ட சுரங்கமே போட்டாலும், கொத்தார்ட் வழியாக ஐரோப்பாவின் வடக்கும் தெற்கும் வியாபாரம் செய்கின்றன. நம்முடைய கரட் மூடைகளால் அந்த வட்டியைக் கட்ட முடியுமா?

அதை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த இயந்திரம் நமது நாட்டுக்கு ஏற்கனவே வந்துவிட்டது. புகையிரதத்துக்கு அல்ல, உமா ஓயா நீர்த் திட்டத்துக்கு. ஈரானிய நிறுவனம் ஒன்று பண்டாரவளைப் பக்கத்து மலைகளுக்கு அடியில் நீர்ச் சுரங்கம் குடைந்தது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருமளவில் பீறிட்டது. மேலே ஊர்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன, மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 120 மெகாவாற் மின்சாரம் தரும் அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் வற்றிய கிணறு எந்த ஒப்பந்தத்தின் செலவுப் பக்கத்தில் முதலில் எழுதப்பட்டிருந்தது?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் வெட்டிய பாதைக்கும் ஆபத்து உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகளால் மலையகப் பாதை பெரும் சேதமடைந்ததை நாம் பார்த்தோம். மலைக்குள் ஆழமாகப் போகும் பாதையை மண்சரிவு தொடாது. எனவே சுரங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழுச் செலவையும் எழுதிவிட்டுப் பேசுவோம் என்கிறேன்.

இதை யாழ்ப்பாணத்தான் நன்றாக விளங்கிக்கொள்வான். நமக்கு வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை நீர் தேங்கி, உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருப்பதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அடுத்த வளவில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நம் கிணறு உவர்க்கும். கண்ணுக்குத் தெரியாமல் நிலத்துக்கு அடியில் நடப்பதற்கு மேலே இருப்பவன் விலை கொடுப்பான் என்பது நமக்குப் புதிதல்ல. அடுத்தவனின் தண்ணீர் அவனுடைய ஹக். அதை அழித்து வரும் மலிவு, மலிவல்ல.

சரி, தம்பியின் கேள்விக்கு என் பதில் என்ன? ஏற்றம் கோச்சியின் லாபத்தைத் தின்கிறது என்று பார்த்தோம். அப்படியானால் ஏற்றமே இல்லாத பாதைதான் கோச்சிக்குச் சொர்க்கம். அது எங்கே இருக்கிறது? நம் வாசலில்! ஆனையிறவைத் தாண்டிக் காங்கேசன்துறை வரை ஓடும் பாதையில் நாட்டாமையின் பலகை அளவுக்குக் கூடச் சாய்வு இல்லை. 1905இல் கொழும்போடு இணைந்த பாதை அது. 1990 ஜூனில் கோச்சி நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் நாங்களும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்பி வந்தது. நாங்களும் ஒவ்வொருவராகத் திரும்பினோம். ஆனால் என் வாப்பாவின் காலத்தில் கோச்சியில் போன வெங்காயமும் கருவாடும் இன்று லொறியில்தான் போகின்றன.

ஆகவே மலையகத்திலிருந்து கண்டி வரைக்கோ தம்புள்ளை வரைக்கோ லொறியில் இறக்குங்கள். அங்கிருந்து பக்கத்தில் உள்ள வடக்குப் பாதை நிலையத்தில் ஏற்றினால் மீதித் தூரம் முழுவதும் ஒரு தொன்னுக்கு 3 கிலோ கணக்குத்தான். ஆனால் ஒரு கடைக்காரனின் இருபது மூடைக்காக யாரும் பெட்டி பூட்டமாட்டார்கள். பத்துக் கடை சேர்ந்து, வாரத்துக்கு இத்தனை தொன் நிச்சயம் ஏற்றுவோம், திரும்பும்போது வெங்காயமும் கருவாடும் அனுப்புவோம் என்று எழுதிக் கேட்டால் பேச ஒரு வழி பிறக்கும். இறக்கி ஏற்றும் கூலியையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அப்படியும் கட்டாவிட்டால் லொறியே சரி.

அந்தத் தம்பி இப்போது நம் தெருக் கடைகளின் வாரக் கொள்முதலை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார். இதுவரை ஆறு கடையின் கணக்குச் சேர்ந்திருக்கிறது. மற்ற நாலு கடைக்காரர்களும் இதைப் படிப்பவர்கள்தான். கொப்பி உங்கள் கடைக்கு வரும்போது தொகையைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், கூட்டிப் பார்த்துவிட்டு முடிவை இதே பகுதியில் எழுதுகிறேன்.