மிதித்தும் இழுக்காத கெப்: எதில் முதலில் கை வைப்பது?

எங்கள் பகுதிச் சிறு வியாபாரியின் முதலில் பெரும் பங்கு கடைக்குள் இல்லை. வாசலில் நிற்கும் கெப் வண்டியில்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் கதவு மீண்டும் திறந்தது. இடையில் பழைய கெப்புகளுக்கே விலை ஏறியதால், பதினைந்து இருபது வருட வண்டிகளை வைத்தே தொழில் பார்த்தோம். பலர் இன்னும் அதைத்தான் ஓட்டுகிறோம். இந்த டீசல் கெப்புகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. எக்ஸலேட்டரை மிதித்தால் வண்டி உடனே இழுப்பதில்லை. இரண்டு செக்கன் யோசித்துவிட்டுத்தான் நகருகிறது.

கொழும்பில் இது எரிச்சல், மலைநாட்டில் ஆபத்து. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி இரண்டு செக்கனில் 22 மீற்றர் கடந்துவிடும். கொத்மலைப் பக்கத்து வளைவொன்றில் லொறியை முந்த வெளியே எடுத்த பிறகு வண்டி யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த முறைப்பாட்டோடு கராஜுக்குப் போனால் அநேகமாக முதலில் வரும் வார்த்தை "பம்ப்", அடுத்தது "டர்போ". இரண்டும் விலை கூடிய சாமான்கள். எனக்குத் தெரிந்த மரக்கறி வியாபாரி ஒருவரிடம் டர்போ முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வேறொரு பாஸ் பார்த்தபோது, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் கிழிந்திருந்தது. டர்போவின் விலையோடு பார்த்தால் ஹோஸின் விலை ஒன்றுமே இல்லை. கராஜ்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் "இழுவை இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொன்னால், அவர் ஊகித்துத்தான் வேலை செய்வார்.

எனவே போகுமுன் நாமே கவனிக்க வேண்டும். மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி, வண்டி மட்டும் நகராவிட்டால், அது எஞ்சினின் குற்றமல்ல. சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, நாலாவது கியரில் கிளச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளச் பிளேட் வழுக்குகிறது.

சத்தமே பிந்தி ஏறினால் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகையோடு பிந்தினால் பெரும்பாலும் காற்று போதவில்லை: எயார் பில்டர் அடைத்திருக்கலாம், ஹோஸ் கிழிந்திருக்கலாம், இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கலாம். நொஸில் கெட்டாலும் கறுப்புப் புகை வரும் என்றாலும் காற்றுப் பக்கம் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு. புகையே இல்லாமல் பிந்தினால் டீசல் போதவில்லை.

எங்கள் பக்கத்தில் டீசல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 தட்டுப்பாட்டின்போது கேனிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றித்தான் பல வண்டிகள் ஓடின. அதோடு போன துருவும் தண்ணீரும் கழுவாத டாங்கிகளின் அடியில் இன்றும் கிடக்கலாம். பனியும் குளிருமான இடத்தில் பாதி டாங்கியோடு இரவில் நிறுத்தினால் உள்ளே ஈரமும் படியும். ஏற்றத்தில் தவித்து நின்ற வண்டி, பத்து நிமிடம் ஓய்ந்தபின் நன்றாக ஓடி, மறுபடி தவித்தால் டாங்கியின் அடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நின்றபோது கசடு கீழே படிந்து வழி விடுகிறது. டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும் வரை தண்ணீரை வடிப்பது ஐந்து நிமிட வேலை. பில்டருக்கு வரும் பைப்பில் காற்றுக் குமிழ் ஓடினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படுவதும் அதற்கு அடையாளம்.

கேபிள் உள்ள பழைய வண்டியில் ஒருவரை மிதிக்கச் சொல்லி, பம்ப் லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். எக்ஸலேட்டருக்கு அடியில் மடிந்த ரப்பர் மெட்டை எடுத்ததுமே சரியான வண்டியும் உண்டு!

இங்கே மலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல்மட்டத்தோடு பார்த்தால் அங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல் எஞ்சின்கள் அங்கே சோர்வது இயல்பு, அதற்கு மருந்தில்லை. கம்பளையில் நன்றாக ஓடி மேலே மட்டும் சோர்ந்தால் பணத்தைப் பைக்குள் வையுங்கள். கம்பளையிலும் பிந்தினால்தான் கோளாறு.

2005க்குப் பின் வந்த டி-4டி ஹைலக்ஸ், பின்னர் வந்த எல்200 போன்ற கொமன் ரெயில் வண்டிகளில் முதலில் ஸ்கேன் பண்ண வேண்டும். எக்ஸலேட்டர் சென்சர் கெட்டாலும் இதே பிந்தல் வரும். பம்பில் இருக்கும் சக்ஷன் கொன்ட்ரோல் வால்வு என்ற சின்னச் சாமான் சிக்கினாலும் வரும். டென்சோ பம்புகளில் அதைத் தனியாகவே மாற்றலாம். பழைய வண்டியில் செய்வதுபோல எஞ்சின் ஓடும்போது நொஸில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். அந்தப் பைப்பில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் கையையே இழக்க நேரலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பம்பைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், டெஸ்ட் மெஷினில் ஏற்றிப் பார்த்த அளவுகளை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் வெறும் வண்டியில் பஸாரைச் சுற்றுவது போதாது. டன்சினன் ஏற்றத்தில் சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.