சீமைக் குழலும் நம் பந்துக்களும்

அண்மையில் எங்கள் தருமபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தலில் தவிலுக்கு இணையாக ஸாக்ஸபோன் ஒலித்தது. பக்கத்திலிருந்த பெரியவர் முகம் சுளித்தார். "என்ன வாத்தியாரே! நாயனம் ஊத வேண்டிய இடத்தில் சீமைக் குழலுக்கு என்ன வேலை?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு நாதஸ்வர வித்வானின் மகனே விடை தந்திருக்கிறார்.

பெல்ஜியம் தேசத்து அடால்ப் ஸாக்ஸ் தாம் உண்டாக்கிய குழலுக்கு 1846-ல் உரிமை பெற்றார். நூறாண்டுகளுக்குப் பின், 1949-ல், தென் கன்னடத்தில் கத்ரி கோபால்நாத் பிறந்தார். தந்தையாரிடம் நாதஸ்வரம் பயின்றவர், மைசூர் அரண்மனை பாண்டில் ஸாக்ஸபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். ஆனால், விசைகளை அழுத்தினால் ஸ்வரங்கள் படிக்கட்டுப்போலத் தனித்தனியே நிற்கும் வாத்தியம் அது. நம் ராகங்களுக்கோ கமகமே உயிர். உதட்டையும் மூச்சையும் பழக்கி, பல்லாண்டு சாதகத்தால் அந்தக் கமகத்தை அவர் வரவழைத்தார். 1994-ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார். அதே ஆண்டு 'டூயட்' படத்தின் மூலம் தமிழர் வீடுகளிலும் அவர் குழல் புகுந்தது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். கன்னடப் பெற்றோருக்குப் பிறந்து அங்கே வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா, ஜாஸ் ஸாக்ஸபோன் பயின்ற மாணவர். அவருக்குச் சகோதரர் வேடிக்கையாக ஓர் இசைத்தட்டைப் பரிசளித்தார். அது கத்ரியின் வாசிப்பு! வேடிக்கை வினையாயிற்று, தம் முன்னோரின் ஸங்கீதத்தை அவர் தேடத் தொடங்கினார். 2008-ல் இருவரும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' இசைத்தட்டு வெளிவந்தது. பந்துக்கள் என்று பொருள். கன்னியாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ஒருபுறம். கிதார் முதலிய ஜாஸ் வாத்தியங்கள் மறுபுறம். கற்பனை ஸ்வரம் பாடும் நம்மவரைப் போலவே ஜாஸ் வித்வானும் மேடையில் அந்தக் கணமே புதிது புனைகிறவர். ஆகவே அந்த உறவு வலிந்து ஒட்டவைத்ததன்று.

கத்ரி 2019-ல் மறைந்தார். பெரியவருக்கு நான் சொன்னது இதுதான்: "ஐயா, வயலினும் சீமையிலிருந்து வந்ததுதானே! வாத்தியத்துக்கு ஜாதி இல்லை. வாசிப்பவரின் ஞானமே அதன் ஊர். ஆனால், அந்த ஞானத்தைக் கத்ரிக்கு முதலில் ஊட்டியது நாதஸ்வரம். அடுத்த கல்யாணத்துக்கு நாயனக்காரரையும் மறவாமல் அழையுங்கள்!"