டேங்கில் விழுந்த வெள்ளைக் கோடு

நடுப்பகல் வெயிலில் நிற்கும் கறுப்பு பைக்கின் பெட்ரோல் டேங்கை உற்றுப் பாருங்கள். சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். தலையைச் சற்று நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். டேங்கின் மீது அப்படி வட்டமாகக் கீறல் எதுவும் விழுந்திருக்காது. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் எண்ணற்ற நுண்கீறல்கள்தான் இருக்கும். ஒவ்வொரு கீறலும் தன் நீளத்துக்குக் குறுக்காகவே ஒளியைச் சிதறடிப்பதால், சூரியப் புள்ளியைச் சுற்றி வளையமாக அமையும் கீறல்களின் ஒளி மட்டும் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. மற்றவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை.

இன்றைய பைக்குகள் பெரும்பாலானவற்றில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். பளபளப்பு அந்தக் கடைசி அடுக்கின் உபயம். அதன் தடிமன் பொதுவாக 30 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. லேசான கீறல் இந்த அடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை. அடியில் இருக்கும் நிறம் அப்படியே இருக்கிறது. கீறலின் ஓரங்களில் பட்டுச் சிதறும் ஒளிதான் வெள்ளைக் கோடாகக் கண்ணை உறுத்துகிறது.

கீறல் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ளச் சில துளித் தண்ணீர் போதும். கோட்டின் மேல் தண்ணீர் விடுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்துவிட்டால், அது கிளியர் கோட்டோடு நின்ற கீறல். காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1, தண்ணீருக்கு 1.33, கிளியர் கோட்டுக்குச் சுமார் 1.5. பள்ளத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கும்போது இந்த வித்தியாசம் குறைந்து, சிதறலும் குறைகிறது. தண்ணீர் விட்ட பிறகும் கோடு தெரிந்தாலோ, நகத்தை ஓட்டும்போது தட்டினாலோ, பாலிஷில் தீராது. பெயின்டிங் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

பாலிஷ் போட்டால் பள்ளம் நிரம்பிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. பாலிஷிலும் அதைவிடக் கரடான ரப்பிங் காம்பவுண்டிலும் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள், பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. கீறல் போகிறது, கூடவே கிளியர் கோட்டிலும் கொஞ்சம் போகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த அடுக்குதான். அதனால்தான் முதலில் மென்மையான பாலிஷ், அதில் தீரவில்லை என்றால் மட்டும் காம்பவுண்ட் என்ற வரிசை முக்கியம். வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, டேங்க் குளிர்ந்த பிறகு, மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, அதிகம் அழுத்தாமல் தேயுங்கள். டேங்கின் மடிப்பு ஓரங்களில் பெயின்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே கூடுதல் கவனம் தேவை. துணியில் வண்டியின் நிறமே ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். அந்த வண்டிக்குக் கிளியர் கோட்டே இல்லை, அல்லது அது தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். மேட் ஃபினிஷ் வண்டியில் பாலிஷ் போடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிரந்தரத் திட்டாக நின்றுவிடும்.

பற்பசை? அதிலும் சிலிக்கா போன்ற தேய்க்கும் துகள்கள் உண்டு என்பதால் மிக லேசான கோடு மங்கத்தான் செய்யும். ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. பெயின்டை எப்படித் தேய்க்கும் என்று கணக்கிட்டுத் தயாரித்ததல்ல. வாக்ஸ் கீறலை அகற்றாது. பள்ளத்தை நிரப்பித் தற்காலிகமாக மறைக்கும், மேற்பரப்பைக் கொஞ்சம் காக்கும். அந்த அளவில் நல்லதே.

ஜப்பானின் கவாசாகி நிறுவனம் 2019 மாடல் நிஞ்ஜா எச்2 பைக்கில், சிறு கீறல்கள் தாமாகவே மறையும் பெயின்டைக் கொண்டுவந்தது. அதன் மேலடுக்கில் கடினமான பகுதிகளும் மென்மையான பகுதிகளும் சேர்ந்திருப்பதால், அழுந்திய இடம் மெல்ல எழும்பிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நாணயமோ பேன்ட் ஜிப்போ கிழித்த கீறல் அதிலும் ஆறாமல் போகலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

நம் தெருவில் நிற்கும் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. அதற்குப் பெரிய எதிரி, தினமும் காலையில் பழைய பனியன் துணியால் உலர்வாகத் துடைக்கும் பழக்கம்தான். தெருத் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7; கண்ணாடியையே கீறக்கூடியது. துணிக்கும் டேங்குக்கும் நடுவில் அது சிக்கினால் ஒவ்வொரு இழுப்பும் ஒரு கீறல். சாவிக்கொத்தை டேங்க் மேல் வைப்பதை நிறுத்துங்கள். தூசி படிந்த வண்டியில் முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை ஓடவிடுங்கள். துணியை அதன் பிறகு எடுங்கள்.