பொய்யின் முகலட்சணம்

பொய் சொல்லுகிறவன் எதிரே இருப்பவர் கண்ணை நேராகப் பார்க்கமாட்டான், எச்சிலை விழுங்குவான், இருந்த இடத்தில் நெளிவான் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் காலங்காலமாகச் சொல்லிவரும் லட்சணம் நமக்கு மட்டும் உரிய சொத்தன்று. 2006-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக 58 நாடுகளில், ‘ஒருவர் பொய் சொல்லுகிறார் என்பதை எதைக் கொண்டு அறிகிறீர்கள்?’ என்று விசாரித்தபோது, பாஷையிலும் பழக்கவழக்கத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஜனங்களிடமிருந்து மிகுதியாக வந்த விடை, ‘கண்ணைத் திருப்பிக்கொள்வார்’ என்பதுதான். இத்தனை ஒற்றுமையோடு உலகம் நம்பும் இந்த அடையாளம், பரிசோதனையில் வைத்துப் பார்க்கையில் அநேகமாக ஒன்றுக்கும் உதவுவதில்லை. மெய் பேசுகிறவர்களும் பொய் பேசுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கண்ணோடு கண் பார்க்கிறார்கள்.

சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் இருவர், 24,000-க்கும் அதிகமான பேர் பிறர் பேச்சைக் கேட்டு ‘இது மெய், இது பொய்’ என்று தீர்ப்புச் சொன்ன சோதனைகளையெல்லாம் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டார்கள். நூற்றுக்கு 54 சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் 50 கிடைத்திருக்கும். அந்த 54-லும் ஒரு சூட்சுமம் உண்டு. மெய்யை மெய்யென்று கண்டது 61 சதவிகிதம்; பொய்யைப் பொய்யென்று கண்டதோ 47 தான். பிறர் சொல்வதை நம்பிவிடும் பக்கமே மனிதன் சாய்ந்து நிற்கிறான். இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதில் விழும் பேச்சில் பெரும்பகுதி மெய்யாகவே இருக்கும் உலகில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அத்தாட்சி கேட்டுக்கொண்டிருப்பவனால் ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்த முடியாது.

சந்தேகத்தோடு முகத்தை ஆராயப் புகுந்தாலோ வேறொரு விபரீதம் நேருகிறது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஒதெல்லோ பழி சுமத்தும்போது, எப்படிச் சொன்னாலும் கணவன் நம்பமாட்டான் என்று கண்டு டெஸ்டிமோனா நடுங்கி அழுகிறாள். அவனோ அந்தக் கண்ணீரையே குற்றத்துக்கு ருசுவாக எடுத்துக்கொள்கிறான். நிரபராதியின் பயத்துக்கும் குற்றவாளியின் பயத்துக்கும் முகத்தில் பேதம் தெரிவதில்லை என்பதால், பால் எக்மன் என்ற அறிஞர் இத்தவறுக்கு ஒதெல்லோவின் பெயரையே சூட்டினார். அவரும் மோரீன் ஓ’சல்லிவனும் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் போலீஸ்காரர்கள், நீதிபதிகள், மனநோய் மருத்துவர்கள் ஆகிய எல்லோரும் சாமானியர் நிலையிலேயே நின்றார்கள். அமெரிக்க ஜனாதிபதியைக் காக்கும் ரகசியப் பிரிவினர் மட்டும் சற்று மேலே இருந்தார்கள். போலீஸார் கையாளும் விசாரணை முறை ஒன்றில் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துப் பார்த்தபோது, திறமை குறைந்து தன்னம்பிக்கை மட்டும் வளர்ந்தது.

யந்திரத்தை நம்பலாமா? பழைய ஸ்மிருதிகள் கூறும் திவ்வியப் பரீட்சைகளில், அரிசியை மென்று துப்பச் சொல்லி, அதில் இரத்தம் தென்படுகிறதா என்று பார்ப்பதும் ஒன்று. பயத்தில் வாய் உலரும் என்பதே அதன் அஸ்திவாரம் போலும். அதே அஸ்திவாரத்தின்மேல் 1921-இல் பெர்க்லி நகரப் போலீஸில் இருந்த ஜான் லார்சன் அமைத்த கருவியும் அதன் சந்ததிகளும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் வேர்வையையும் அளக்கின்றனவே தவிர, பொய்யை அளப்பதில்லை. சோவியத் நாட்டுக்கு வேவு பார்த்த அமெரிக்க அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், பிடிபடுவதற்கு முன் இரண்டு முறை அந்தக் கருவியின் சோதனையில் தேறிவிட்டார். ஒருவருடைய சம்மதமின்றி அச்சோதனையை அவர்மேல் திணிக்கலாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

அப்படியானால் பொய்கள் வெளிப்படும் வழிதான் என்ன? கல்லூரி மாணவர்களிடம், தாங்கள் கண்டுபிடித்த ஒரு பொய்யை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்ட ஆராய்ச்சி ஒன்று 2002-இல் வந்தது. பேசும்போதே முகத்தையும் குரலையும் கொண்டு பிடித்ததாகச் சொன்னவர்கள் மிகச் சொற்பம். மற்றவர்களுக்கு மூன்றாம் மனிதர் மூலமோ, கையில் கிடைத்த சான்றாலோ, பொய்யரே ஒப்புக்கொண்டதாலோதான் உண்மை தெரிந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கண்ட காவலர்கள், இவன் கள்வன் அல்லன் என்று முகலட்சணத்தைக் கொண்டே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கள்வர்களின் சாமர்த்தியங்களைப் பற்றிப் பொற்கொல்லன் செய்யும் பிரசங்கத்தின் முன் அந்தச் சொல் நிற்கவில்லை. அரசவையில் சிலம்பு உடைந்து, முத்து இருக்கவேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்த பிறகு எவருடைய பிரசங்கமும் செல்லாது.

ஸ்வீடனில் போலீஸ் பயிற்சி மாணவர்களைக் கொண்டு 2006-இல் வெளியான சோதனை, சான்றை நாடும் இந்த வழியில் சென்றதுதான். பணப்பை திருடியவர்களாக நடித்தவர்கள் சிலர். பணப்பை இருந்த கைப்பெட்டியைத் தொட்டதோடு சரி என்றிருந்த நிரபராதிகள் சிலர். பயிற்சி பெற்ற விசாரணையாளர்கள், கைப்பெட்டியில் விரல்ரேகை கிடைத்ததை முதலில் சொல்லிவிடாமல், அன்று என்ன செய்தாய், எங்கே நின்றாய் என்று சாவதானமாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். ரேகை கிடைத்ததை அறியாத திருடன் அந்தப் பக்கமே போகவில்லை என்பான். நிரபராதி தொட்டதைத் தானாகவே சொல்லிவிடுவான். இவ்வாறு விசாரித்தவர்கள் நூற்றுக்கு 85 சரியாகச் சொன்னார்கள். அதே சான்றைக் கையில் வைத்துக்கொண்டு தம் போக்கில் விசாரித்தவர்கள் 56-ஐத் தாண்டவில்லை.