சைக்கிள் மிதித்தால் புற்றுநோய் தீருமா?

சைக்கிள் மிதிப்பதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் இருநூறு மைல் மிதித்துக் கால் வீங்கி வந்து நின்றாலும், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அதனால் ஒரு துளி மருந்துகூட அதிகமாகக் கிடைத்துவிடப் போவதில்லை. ஆயினும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் முதல் சனி ஞாயிறுகளில் 6,000 பேருக்கு மேல் சைக்கிளேறிப் புறப்படுகிறார்கள். பாஸ்டன் நகரத்து டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கென்று 2024ஆம் ஆண்டில் மட்டும் அவர்கள் திரட்டிக் கொடுத்த தொகை 7.5 கோடி டாலர். அப்படியானால் சம்பந்தம் எங்கோ இருந்துதான் ஆகவேண்டும்.

'பான்-மாஸ் சாலஞ்ச்' என்பது அந்த யாத்திரையின் பெயர். பில்லி ஸ்டார் என்ற இளைஞரின் தாயார் 1974இல், தமது 49ஆம் வயதில், மெலனோமா என்னும் தோல் புற்றுநோயால் காலமானார். ஆண்டுகள் சில சென்றும் துக்கம் ஆறாத அந்த மகன், 1980இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 36 பேராக ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து கிளம்பி, கடலுக்குள் வளைந்து நீண்டிருக்கும் கேப் காட் நிலமுனையின் கோடியிலுள்ள பிராவின்ஸ்டவுன் வரைக்கும் 220 மைல் மிதித்துச் சென்றார். அன்று சேர்ந்த பணம் 10,200 டாலர். இன்றுவரை சேர்ந்திருப்பதோ 100 கோடி டாலருக்கும் மேல்.

இந்தப் பணம் வரும் வழி விசித்திரமானது. யாத்திரையில் சேர விரும்புகிறவர் முதலில் கட்டணம் செலுத்திப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின், தேர்ந்தெடுக்கும் பாதைக்கு ஏற்ப, இவ்வளவு தொகை திரட்டித் தருவேன் என்று சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். நீண்ட பாதைகளுக்கு அது பல ஆயிரம் டாலராகும். உற்றார், உறவினர், அலுவலகத்துச் சகாக்கள், அண்டை வீட்டார் என ஒருவர் பாக்கியில்லாமல் கடிதம் எழுதிக் கேட்டும், குறித்த தவணைக்குள் சொன்ன தொகை சேராவிட்டால், குறைகிற பணத்தை அவர் தம் கணக்கிலிருந்தே கட்டியாக வேண்டும். ஆகவே, சாலையில் மிதிப்பது இரண்டு நாள் சிரமம். அதற்கு முன்னே வெட்கத்தை விட்டுப் பலரிடம் கை நீட்டும் மாதங்கள்தாம் மெய்யான தவம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சும்மா கேட்டால் தராதவர்கள் சைக்கிள் மிதித்தால் மட்டும் ஏன் தருகிறார்கள் என்ற கேள்விக்கு நம் ஊர்க்காரர்களிடம் விடை தயாராக இருக்கிறது: பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் வாசலில் வந்து நின்று காணிக்கை கேட்டால், கடவுள் நம்பிக்கை அதிகம் இல்லாதவரும் பத்து ரூபாய் போட்டுத்தான் அனுப்புவார். தேகத்தை வருத்திக்கொள்கிறவனுடைய வேண்டுகோளை மறுப்பது மனிதருக்கு எளிதாக இல்லை.

இத்தனை பேர் இரண்டு நாள் பயணம் செய்யத் தண்ணீர், ஆகாரம், இரவு தங்க இடம், பஞ்சர் ஒட்டுவோர், வைத்தியர், காவலர் என்று ஏற்பாடுகள் அநேகம். இவற்றுக்கான செலவு நன்கொடையிலிருந்து போவதானால், கொடுத்தவர் மனம் நோவது நியாயமே. தர்ம காரியங்கள் பலவற்றில் அப்படித்தான் நடக்கிறது. இந்த யாத்திரையிலோ, பதிவுக் கட்டணமும் வியாபார ஸ்தாபனங்களின் உபயமும் செலவுகளைத் தாங்கிக்கொள்ள, யாத்திரிகர்கள் திரட்டும் நன்கொடை முழுவதும் மருத்துவத்துக்கே போய்ச் சேருகிறது.

ஆனால், வசதி படைத்தோரின் பங்கே இதில் மிகுதி என்பதையும் மறைக்கக் கூடாது. விலையுயர்ந்த சைக்கிளும், பணம் கொடுக்கக்கூடிய சிநேகிதர்களும் இல்லாத ஒருவர் இந்தக் கூட்டத்தில் சேர்வது கடினம். குழந்தையின் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும்போது, வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கு மிதிக்க ஏது அவகாசம்?

அந்தக் குடும்பங்களையும் மிதிப்பவர்களையும் முகத்துக்கு முகம் சேர்த்துவைக்கும் ஏற்பாடும் உண்டு. சிகிச்சையிலிருக்கும் ஒரு குழந்தையை ஒரு குழுவோடு இணைத்துவிடுகிறார்கள்; லேக்வில் என்ற ஊரில் தண்ணீர் குடிக்க நிறுத்துமிடத்தில் அக்குழந்தைகளின் படங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்க, வியர்வை வழிய வருகிறவர்கள் தங்கள் குழுவின் குழந்தையையும் பெற்றோரையும் அங்கே நேரில் காண்கிறார்கள். நோயிலிருந்து மீண்டவர்கள் பலர் தாமே மிதிக்கவும் செய்கிறார்கள். சனிக்கிழமை இரவு யாத்திரிகர்கள் கடல்சார் கல்லூரி ஒன்றில் தங்கி, ஞாயிறு விடியலில் போர்ன் பாலத்தைக் கடந்து கேப் காட் போகிறார்கள்.

யாத்திரிகர்கள் திரட்டும் பணம் போய்ச் சேரும் டானா-ஃபார்பர் நிலையத்தின் பூர்வ கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1947ஆம் ஆண்டின் இறுதியில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய்க்கு அமினோப்டெரின் என்ற மருந்தைப் பரீட்சித்தார். கட்டுமீறிப் பெருகும் வெள்ளணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம். அதைப் போலவே உருக்கொண்ட இம்மருந்து அதன் வேலையைத் தடுத்து, அவ்வணுக்களைப் பெருகவொட்டாமல் செய்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு, தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. அம்மருந்து லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், பழைய சென்னை ராஜதானியின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவ். 1948இல், 'ஜிம்மி' என்று புனைபெயர் சூட்டப்பட்ட ஒரு நோயாளிச் சிறுவனுக்காக வானொலியில் எழுந்த வேண்டுகோளுக்கு மக்கள் அனுப்பிய 2 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தில், அந்நிலையத்துக்குப் பணம் திரட்டும் ஜிம்மி நிதி வேரூன்றிற்று. இப்போது அந்நிதியின் ஆண்டு வருவாயில் பாதிக்கும் மேல் சைக்கிள்காரர்கள் தருவதே. அரசாங்க மானியத்துக்குக் காத்திராமல் இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் யோசனையைச் சோதித்துப் பார்க்க இத்தகைய பணம் கைகொடுக்கிறது.

நம் ஊரிலும் இப்படிச் சைக்கிளில் புறப்படும் நண்பர் யாரேனும் நன்கொடை கேட்டு வந்தால், வழிச்செலவு யாருடையது, கொடுக்கும் பணம் எந்த மருத்துவமனைக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்ற இரண்டையும் கூச்சமின்றிக் கேளுங்கள். நேரான பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.