எழுதி அழிக்க முடியாத பங்கு

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஓர் ஆணை, புதுச்சேரித் தமிழர்களிடம் ஒரு பெரிய கேள்வியை வைத்தது. எந்தச் சாதி, எந்த மதமானாலும், 21 வயது நிரம்பிய ஆணோ பெண்ணோ அதிகாரி முன் போய், தம் குல வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போடலாம். அன்றிலிருந்து அவருக்கும் அவர் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம்தான். புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். துறந்ததைத் திரும்பப் பெற முடியாது. இப்படித் துறந்தவர்களை ரெனொன்சான்கள் என்றார்கள்.

முன்னின்றவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று அவரைத் தடுத்தார்கள். பாரிஸின் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். பிறகு லப்போர்த் என்று பெயரும் மாற்றிக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் பலர் அந்த வழியில் போனதில் வியப்பில்லை. பழைய வழக்கத்தைக் கைவிடுவதால் அவர்களுக்கு இழப்பு குறைவு.

அவர்கள் ஏற்றுக்கொண்ட சட்டநூல் 1804 மார்ச் 21இல் நெப்போலியன் ஆட்சியில் வெளியானது. 2281 பிரிவுகள், மூன்று பாகங்கள். முதல் பாகம் ஆளைப் பற்றியது: பெயர், பிறப்பு, திருமணம், பிள்ளை. இரண்டாவது உடைமை. மூன்றாவது, உடைமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழிகள்: வாரிசுரிமை, நன்கொடை, ஒப்பந்தம், கடன். அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள வழக்கு இதில் வராது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் உள்ளது மட்டுமே. இருவர் மனமொத்துச் செய்த ஒப்பந்தம் அவர்களுக்குச் சட்டம் போலவே கட்டாயம். தன் தவற்றால் பிறருக்குக் கேடு செய்தவர் அதை ஈடுகட்ட வேண்டும். ஐரோப்பிய சிவில் சட்ட நாடுகள் பலவற்றின் தனியார் சட்டம் இந்தத் தூண்களில்தான் நிற்கிறது. ஜெர்மனி 1900 ஜனவரி 1 முதல் தனக்கென்று இன்னும் நுணுக்கமான நூலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

புதுச்சேரிக் குடும்பங்களைப் பெரிதும் மாற்றியது வாரிசுரிமைதான். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அதைவிட முக்கியம், தகப்பன் நினைத்தாலும் பிள்ளைகளை முழுவதும் ஒதுக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு அவர்களுக்கென்று சட்டமே ஒதுக்கி வைத்துவிடும். மீதியைத்தான் அவர் விருப்பப்படி எழுதலாம். அதே நூல், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் சொன்னது; பிரான்சில் அந்த நிலை மாற 1938 ஆனது. மகளை உயர்த்திய கையே மனைவியைத் தாழ்த்தியதை மறைக்கக் கூடாது. புதுச்சேரி 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும், ரெனொன்சான் வழிவந்தவர்களின் குடும்ப வழக்குகளில் அந்தப் பழைய பிரெஞ்சுச் சட்டம் இன்னும் பேசுகிறது.

மலேசியாவில், கேமரன் மலையின் தானா ராத்தாவில் வாழும் நமக்கு அப்படி ஒரே நூல் இல்லை. ஒப்பந்தத்துக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம். அது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வழிவந்தது. நிலத்துக்கு 1965. உயிலுக்கு 1959. உயில் இல்லாத சொத்துக்கு 1958. முஸ்லிம் அல்லாதவர் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1 முதல். அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி முடிந்த கல்யாணங்கள் பதிவானதாகவே கருதப்படும். வேண்டுமென்றால் இப்போதும் பதியலாம். பிறகு நடந்தவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும்.

இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் பலர் இந்தப் பதிவைச் சடங்குக்குப் பின் செய்யும் சில்லறை வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அது பெரும் கவலை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளை என்றால் சட்டப்படி பிறந்த பிள்ளை. தாலி கட்டி, ஊர் சாப்பிட்டுப் போன கல்யாணம் பதிவாகாமல் இருந்து, கணவர் திடீரென இறந்துவிட்டால், அந்த மனைவியும் பிள்ளைகளும் தங்களை நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டி வரும். தாய் வெளிநாட்டவராக இருந்தால், பிள்ளையின் குடியுரிமையே ஆட்டம் கண்டுவிடும். பதிவு இருந்தால், கணவன் உயில் எழுதாமல் இறந்தாலும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு; இறந்தவரின் பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மகன், மகள் என்ற பேதம் இல்லை.

ஆனால் உயில் எழுதினால் கதை வேறு. இங்கே முஸ்லிம் அல்லாதவர் முழுச் சொத்தையும் மூத்த மகனுக்கே எழுதிவிடலாம். சார்ந்திருப்போர் சிலர் நியாயமான பராமரிப்புக் கேட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போடலாம், அவ்வளவே. மகளின் பங்கை எழுதி அழிக்க விடாத புதுச்சேரி ஏற்பாடு எனக்கு அதிக நேர்மையாகப் படுகிறது.

நிலத்தில் வேறு சிக்கல். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கும் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. கேமரன் மலையில் காய்கறி போடுபவர்கள் பலர் நம்பியிருந்த தற்காலிக நிலப் பயன்பாட்டு உரிமமும் அப்படித்தான். ஆண்டு முடிவில் அது காலாவதியாகும். கைமாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்தது. உயிலில் எழுதியும் பயனில்லை.

ஆகவே தோட்டத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் மிஞ்சுகிற சொத்து ஊழியர் சேமநிதிப் பணம். அதற்கு நியமனம்தான் பேசும், உயில் பேசாது. முஸ்லிம் அல்லாதவர் யாரை நியமித்தாரோ அவருக்கே பணம் போகும். கல்யாணம் ஆனதும் பழைய உயில் பொதுவாகச் செல்லாமல் போகும்; சேமநிதி நியமனம் அப்படி ரத்தாகாது. இருபது வயதில் தாயின் பெயரைக் கொடுத்தவர் கல்யாணத்துக்குப் பின் மாற்றவில்லை என்றால், மனைவி எத்தனை ஆண்டு கூட வாழ்ந்திருந்தாலும் அந்தப் பணம் தாய்க்குத்தான்.